பணம் குழந்தையைப் பின்தொடர்கிறதா?

அமெரிக்காவில் அரசுப் பள்ளி வேண்டாம் என்று வேறு வழியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு மாநில அரசு தரும் பணம் இன்று நான்கு வழிகளில் போய்ச் சேருகிறது. முதலாவது வவுச்சர். தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசு பெற்றோர் பெயரில் ஒதுக்கிப் பள்ளிக்கு அனுப்பும். இரண்டாவது, நிறுவனங்களும் தனிநபர்களும் ஒரு தொண்டு அமைப்புக்கு நன்கொடை தந்து, அந்தத் தொகையைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது. அந்த அமைப்பு அதைக் குடும்பங்களுக்கு உதவித்தொகையாகப் பிரித்துத் தரும். மூன்றாவது, கல்விச் சேமிப்புக் கணக்கு. ஒரு குழந்தையின் பெயரில் அரசு ஆண்டுதோறும் ஒரு தொகையை வரவு வைக்கும். பெற்றோர் அதை ஒரு செயலி வழியாகக் கட்டணம், டியூஷன், புத்தகம், சிகிச்சைப் பயிற்சி, கருவிகள் என்று செலவழிப்பார்கள். நான்காவது, பெற்றோரின் வருமான வரிக் கணக்கிலேயே தொகையைத் தந்துவிடும் வரித் தள்ளுபடி. வரியே கட்ட வேண்டியில்லாத குடும்பத்துக்கும் இது பணமாகக் கிடைக்கும்.

இந்தத் திட்டங்களை ஆதரிப்போர் கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவருவது ஒரே வாக்கியம்: பணம் குழந்தையைப் பின்தொடர வேண்டும். எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு என்று சட்டமன்றம் முடிவு செய்துவிட்டால் கொள்கை முடிந்தது, பணத்தைக் கொண்டு சேர்ப்பது எழுத்தர் வேலை, அதை ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். எதிர்ப்போரும் இதே எண்ணத்தை வேறு பக்கத்திலிருந்து ஏற்றுக்கொண்டவர்கள்தான். கொடுக்கலாமா கூடாதா என்பதில்தான் அவர்கள் சண்டை முழுவதும். பணம் போகும் வழி அவர்களுக்கு நினைவு வருவது ஏதாவது முறைகேடு செய்தியில் அடிபடும்போது மட்டுமே. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இந்தக் கருத்து தவறானது. யார் பெயரில், எந்த நாளில், முன்னதாகவா பின்னதாகவா, யாருடைய ஒப்புதலோடு பணம் கொடுக்கப்படுகிறது என்பதுதான் இந்தத் திட்டங்களின் உள்ளடக்கம். ஒரு திட்டம் சட்டப்படி நிற்குமா, ஏழைக்குப் பயன்படுமா, திருடர் கையில் சிக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் சட்டம். பள்ளிகளை நடத்துவது வேறு, பள்ளிக்கல்விக்குப் பணம் தருவது வேறு என்று பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-இல் எழுதியபோது, அதே சமயத்தில் தென்மாநிலங்கள் அந்தக் கருவியை வேறொரு நோக்கத்துக்காகக் கையில் எடுத்துக்கொண்டிருந்தன. கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தது. அதற்குக் கட்டுப்பட மறுத்த வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் 1959-இல் தன் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. வெள்ளையினப் பிள்ளைகள் படித்த தனியார் பள்ளிக்குப் பொதுப்பணம் கட்டண உதவியாகப் போனது. அந்த மாவட்டத்தின் கறுப்பினப் பிள்ளைகள் நான்கு ஆண்டுகள் முறையான பள்ளியின்றி இருந்தார்கள். 1964-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. லூசியானாவும் பணத்தை நேரே குடும்பங்களுக்குத்தான் தந்தது, பள்ளிக்கு அல்ல. அதனால் பிரிவினைக்கு அரசு பொறுப்பில்லை என்பது அங்கே சொல்லப்பட்ட வாதம். 1967-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெற்றோர் கை வழியாகப் போனதால் மட்டும் பணத்தின் தன்மை மாறிவிடாது என்பது அன்றே நீதிமன்றத்தில் அலசப்பட்ட விஷயம்.

இன்றைய திட்டங்களின் தொடக்கம் 1990-இல் விஸ்கான்சினின் மில்வாக்கி நகரம். அங்கே சமயப் பள்ளிகளும் சேர்க்கப்பட்டபின் காசோலை பெற்றோர் பெயரில் எழுதப்பட்டது, ஆனால் தபாலில் போனது பள்ளிக்கு. பெற்றோர் பள்ளி அலுவலகத்துக்குப் போய், காசோலையின் பின்பக்கம் 'இந்தப் பள்ளியின் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற கட்டுப்பாட்டோடு கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். வேறெங்கும் அந்தக் காசோலையை மாற்ற முடியாது. ஓஹியோவின் கிளீவ்லாந்து திட்டத்திலும் பெற்றோர் பெயரில் காசோலை, பெற்றோர் கையெழுத்து, பள்ளிக்குப் பணம் என்ற இதே முறை. 2002-இல் கிளீவ்லாந்து வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உதவி பெற்ற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் சமயப் பள்ளிகளில் இருந்தும், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் திட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அரசுப் பணம் சமய நிறுவனத்தை அடைவது தனிப்பட்ட குடும்பங்களின் சுயமான முடிவால்தான் என்பது அதற்குத் தலைமை நீதிபதி ரெங்க்விஸ்ட் சொன்ன காரணம். பின்பக்கக் கையெழுத்தை அலுவலகச் சடங்கு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் பணம் பெற்றோர் கையைக் கடந்து போகாமல் நேரே பள்ளிக்குப் போயிருந்தால் அந்தத் தீர்ப்புக்கு நிற்க இடமே இருந்திருக்காது.

அரிசோனா இதைவிடத் தெளிவான பாடம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே இரண்டு வவுச்சர் திட்டங்கள் இருந்தன. பயனாளிகளைப் பார்த்தால் யாருக்கும் மறுக்க மனம் வராத திட்டங்கள் அவை. 2009-இல் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. காசோலை பெற்றோர் பெயரில் இருந்தாலும் அதைப் பள்ளிக்கு மட்டுமே தர முடியும் என்பதால், தனியார் பள்ளிகளுக்கு உதவக் கூடாது என்ற மாநில அரசியல் சட்டப் பிரிவை அது மீறியது என்றது நீதிமன்றம். இரண்டே ஆண்டில், 2011-இல், நாட்டின் முதல் கல்விச் சேமிப்புக் கணக்குத் திட்டத்தை அரிசோனா சட்டமன்றம் நிறைவேற்றியது. பயனாளிகள் அதே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், பணம் அதே மாநிலக் கருவூலப் பணம். மாறியது வழி மட்டுமே. பள்ளிக் கட்டணத்துக்கு மட்டும் என்றில்லாமல் டியூஷன், பாடநூல், சிகிச்சை என்று பலவற்றுக்கும் செலவழிக்கலாம் என்று கணக்கு திறந்துவிடப்பட்டது. எந்தப் பணமும் தனியார் பள்ளிக்கென்று முன்கூட்டியே ஒதுக்கப்படவில்லை என்று சொல்லி 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது.

இதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. ஆதரிப்போரும் எதிர்ப்போரும் அதைப் பேசுவதில்லை. 2022-இல் அரிசோனா இந்தக் கணக்கை மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தது. அதற்கு முன் சுமார் 12,000 பேர் இருந்த திட்டத்தில் 2024-இல் 75,000-க்கு மேல் சேர்ந்திருந்தார்கள். பனிச்சறுக்கு மலைகளுக்கான அனுமதிச் சீட்டும் லெகோ பொம்மைப் பெட்டிகளும் இந்தப் பணத்தில் வாங்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. ஒரு தரப்பு பெற்றோரின் பேராசையைக் குறை சொன்னது. இன்னொரு தரப்பு அது விதிவிலக்கு என்றது. உண்மையில் செலவுப் பட்டியல் இப்படி அகன்று கிடப்பதற்குப் பெற்றோர் காரணமல்லர். பட்டியல் குறுகினால் பணம் மீண்டும் பள்ளிக்கான காசோலையாகிவிடும், 2009-இன் தீர்ப்பு திரும்பி வரும். நீதிமன்றத்தைத் தாண்டுவதற்காகத் திறந்து வைத்த கதவு அது. அதே கதவு வழியாக வந்த செலவுகளுக்காகக் குடும்பங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது நேர்மையாகாது.

வழியை மாற்றினால் போதும் என்று எண்ணியவர்களுக்குத் தென் கரோலினா வேறு விதமாகப் பதில் சொன்னது. தனியார் கல்வி நிறுவனங்களின் நேரடி நன்மைக்குப் பொதுப்பணம் தரக் கூடாது என்கிறது அந்த மாநில அரசியல் சட்டம். சட்டமன்றம் ஒரு அறக்கட்டளை நிதியை உருவாக்கி, அதில் போட்ட பணம் பொதுப்பணம் ஆகாது என்று வாதிட்டது. குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 6,000 டாலர், நான்கு தவணைகளில். 2024-25 கல்வியாண்டு தொடங்கி, முதல் தவணை போன பின்பு, செப்டம்பர் 11 அன்று மாநில உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தைத் தரக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பிள்ளைகள் புதுப் பள்ளியின் சீருடையில் வகுப்பில் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. மீதித் தவணைகளை நம்பிச் சேர்த்த பெற்றோர், அடுத்த கட்டணத்தை எங்கிருந்து புரட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். பணம் போகும் வழியை வெறும் நடைமுறையாக நினைத்த சட்டமன்றத்தின் தவறுக்கு அந்தக் குடும்பங்கள் விலை கொடுத்தன.

சட்டத்தைத் தாண்டிவிட்ட மாநிலங்களில் அடுத்த கேள்வி கைப்பணம். கல்விச் சேமிப்புக் கணக்குகளில் பணத்தை எடுக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு: பள்ளியோ ஆசிரியரோ அனுப்பும் இன்வாய்ஸுக்குச் செயலியிலிருந்தே பணம் செலுத்துவது, செயலியில் இருக்கும் கடைகளில் பொருள் வாங்குவது, அல்லது தன் பணத்தில் வாங்கிவிட்டு ரசீதைப் பதிவேற்றித் திரும்பப் பெறுவது. மூன்றாவதுதான் மிகுந்த சுதந்திரம் தருவது என்று பாராட்டப்படுகிறது. எந்தக் கடையிலும் வாங்கலாம், யாரிடமும் கற்கலாம்.

எடுத்துக்காட்டாக, மணிக்கூலிக்கு வேலை செய்யும் ஒரு தாயை நினைத்துப் பார்க்கலாம். மகனுக்கு ஒரு மடிக்கணினியும் பாடத்திட்டப் புத்தகத் தொகுப்பும் வேண்டும், இரண்டும் சேர்ந்து 900 டாலர். கையில் பணமில்லை, கிரெடிட் கார்டில் வாங்குகிறார். ரசீதைப் படமெடுத்துப் பதிவேற்றுகிறார். பாடத்திட்டத்தில் அந்தப் பொருள் இருப்பதற்கான சான்றும் கேட்கப்படுகிறது, அதையும் சேர்க்கிறார். விற்பவர் பெயர் ரசீதில் தெளிவாக இல்லை என்று ஒரு முறை திரும்பி வருகிறது. இரண்டு மாதம் கழித்துப் பணம் வருகிறது. ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் அந்த இரண்டு மாதத்துக்கு அவர் கட்டியது சுமார் 36 டாலர். அது திரும்பக் கிடைக்காது. மறுக்கப்பட்டால் 900 டாலரும் அவர் தலையில். அதே பொருள்களைச் சேமிப்பில் பணம் வைத்திருக்கும் குடும்பம் கவலையின்றி வாங்கும், இரண்டு மாதம் காத்திருக்கும், முழுத் தொகையையும் பெறும். இருவருக்கும் அரசு ஒதுக்கிய தொகை ஒன்று. அந்த ஒதுக்கீட்டின் மதிப்பு ஒன்றல்ல.

இது கற்பனைக்கு மட்டுமே உரிய நிலை அல்ல. ஃபுளோரிடா 2023-இல் தன் திட்டத்தை எல்லாருக்கும் திறந்தபோது, அந்த இலையுதிர் காலத்தில் பெற்றோரும் பள்ளிகளும் பணத்துக்காகக் காத்திருந்தது மாநிலம் முழுவதும் பேச்சாக இருந்தது. அரிசோனாவில் ஒப்புதலுக்குக் காத்திருந்த விண்ணப்பங்கள் பல்லாயிரக்கணக்கில் குவிந்தன. இடைவெளி பள்ளிக் கட்டணத்திலும் உண்டு. தனியார் பள்ளிகள் இடத்தை உறுதி செய்ய முன்பணம் கேட்பது கல்வியாண்டு தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன். அரிசோனாவில் பணம் காலாண்டுக்கு ஒரு முறை வருகிறது. ஆண்டுக்கு 7,000 டாலரை ஒட்டிய தொகை என்றால் ஒரு தவணை 1,800 டாலர் அளவில். முன்பணத்தையும் முதல் பருவக் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கும் பள்ளியில் அந்தத் தவணையை மட்டும் நம்பியிருக்கும் குடும்பம் வாசலிலேயே நின்றுவிடும்.

ஓக்லஹோமா 2023-இல் வரித் தள்ளுபடி வழியைத் தேர்ந்தெடுத்தது. 75,000 டாலருக்குள் வருமானம் உள்ள குடும்பத்தின் பிள்ளைக்கு 7,500 டாலர், 2,50,000 டாலருக்கு மேல் உள்ள குடும்பத்தின் பிள்ளைக்கு 5,000 டாலர் என்று படிநிலை வைத்தார்கள். ஏழைக்கு அதிகம் தருவதால் இது நியாயமான திட்டம் என்று தாளில் தெரியும். ஆனால் இந்தப் பணம் வரித்துறையின் கணக்கில் பெற்றோருக்குக் கொடுக்கப்பட்டதாகப் பதிவாகிறது. பிள்ளை பருவத்தின் நடுவே பள்ளியை விட்டு விலகினால், பணம் போனது பள்ளிக்கு, திருப்பித் தர வேண்டியவர் பெற்றோர். விலகிய பிள்ளைகளின் குடும்பங்களிடம் லட்சக்கணக்கான டாலரை வரித்துறை திரும்பக் கேட்டது. பள்ளி மாறுவதும் வீடு மாறுவதும் நிலையான வருமானமில்லாத குடும்பங்களில்தான் அதிகம் நடக்கும். அந்த மாநிலத்தில் வீட்டிலேயே படிக்க வைப்போருக்குக் கிடைக்கும் 1,000 டாலரோ, முதலில் செலவழித்து, பின்னர் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் கையில் வரும்.

அரிசோனாவில் வசதியான அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில்தான் இந்தக் கணக்குகளைப் பயன்படுத்துவோர் விகிதம் அதிகம் என்று புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் 2024-இல் காட்டியது. அதற்குக் காரணங்கள் பல. ஏழைகள் வாழும் பகுதியில் தனியார் பள்ளிகள் குறைவு, பள்ளிப் பேருந்து இல்லை, கட்டணம் உதவித்தொகையைவிட அதிகம். பணம் கொடுக்கும் முறையைச் சரிசெய்தால் மட்டும் இவை எல்லாம் தீர்ந்துவிடாது. ஆனால் பள்ளிகளைக் கட்டுவதும் பேருந்து விடுவதும் ஆண்டுக்கணக்கான வேலை. பணம் எந்த நாளில் போய்ச் சேரும் என்பதைச் சட்டமன்றம் ஒரே வரியில் மாற்றிவிட முடியும்.

அடுத்தது, செயலி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கை. கிளாஸ்வாலட், ஒடிஸி, ஸ்டூடண்ட் ஃபர்ஸ்ட் டெக்னாலஜீஸ் போன்ற நிறுவனங்கள் இந்தப் பணப்பட்டுவாடாவை மாநிலங்களுக்காக நடத்துகின்றன. பழைய முறையில் உண்மையிலேயே குறை இருந்தது. அரிசோனா தொடக்கத்தில் பெற்றோருக்கு டெபிட் கார்டு கொடுத்தது. அனுமதிக்கப்படாத கடைகளில் சுமார் 7 லட்சம் டாலர் செலவானதாகவும், அதில் ஏறக்குறைய எதுவும் திரும்ப வசூலாகவில்லை என்றும் 2018-இல் மாநிலத் தலைமைத் தணிக்கையரின் ஆய்வை வைத்துச் செய்திகள் வந்தன. அதன்பின் செயலிக்கு மாறினார்கள். செயலியில் பொருள்களைக் கட்டுப்படுத்தலாம், ரசீதைப் பார்க்கலாம், கணக்கு உடனுக்குடன் தெரியும் என்பது விளம்பரம்.

ஓக்லஹோமாவில் 2020-இல் நடந்தது அந்த விளம்பரத்தின் எல்லையைக் காட்டுகிறது. கொரோனா காலத்தில் மத்திய அரசு ஆளுநர்களுக்குத் தந்த கல்வி நிதியிலிருந்து 80 லட்சம் டாலரை எடுத்து, எளிய குடும்பங்களுக்கு 1,500 டாலர் உதவித்தொகைகளாகக் கல்விப் பொருள் வாங்கத் தர மாநிலம் முடிவு செய்தது. பணப்பட்டுவாடா கிளாஸ்வாலட் வழியாக. பின்னர் பார்த்தபோது தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ கேம் கருவி, வெளிமுற்றத்தில் இறைச்சி சுடும் அடுப்பு, கிறிஸ்துமஸ் மரம் எல்லாம் கணக்கில் இருந்தன. 2022-இல் மத்தியக் கல்வித் துறையின் தணிக்கை 6,50,000 டாலருக்கு மேல் கேள்விக்குரியது என்றது. மாநிலம் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. ஆவணங்கள் வெளிவந்தபோது வேறொன்று தெரிந்தது. எந்தக் கடையில் எதை வாங்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி செயலியில் இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டுமா என்று நிறுவனம் கேட்டபோது, கடைகளில் உள்ள அனைத்துக்கும் ஒட்டுமொத்த ஒப்புதல் என்று மாநிலத் தரப்பிலிருந்து பதில் போயிருந்தது. 2023 ஜனவரியில் புதிய அரசு வழக்கறிஞர் வழக்கைத் திரும்பப் பெற்றார். மென்பொருளுக்குத் தெரிந்தது சொன்னதைச் செய்வது. சொல்ல வேண்டியது அரசின் வேலை, அரசு அதைச் செய்யவில்லை.

அரிசோனாவிலும் அதுதான் நடந்தது. விண்ணப்பங்கள் குவிந்து பெற்றோர் கோபப்பட்டதும், 2024 இறுதியில் கல்வித் துறை 2,000 டாலருக்குக் குறைவான கோரிக்கைகளை முதலில் தானாக அனுமதிப்பது, பிறகு ஒரு பகுதியைத் தணிக்கை செய்வது என்று மாறியது. காக்க வைத்தால் ஏழைக்கு இழப்பு, கேட்காமல் கொடுத்தால் கருவூலத்துக்கு இழப்பு. இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டியது பயிற்சி பெற்ற ஊழியர்கள். பல்லாயிரம் குடும்பங்களின் ஒவ்வொரு ரசீதையும் பார்க்கும் கடமையைச் சட்டத்தில் எழுதிவிட்டு அதற்கு ஆள் போடாத சட்டமன்றம்தான் இந்த இக்கட்டை உண்டாக்கியது. மோசடி என்றதும் பெற்றோரைச் சுட்டுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024-இல் அரிசோனாவில் 6 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரில் மூவர் கல்வித் துறையின் முன்னாள் ஊழியர்கள். குற்றச்சாட்டின்படி அவர்கள் செய்தது, இல்லாத குழந்தைகளை உருவாக்கிப் போலிச் சான்றிதழோடு கணக்குத் திறந்தது. லெகோ வாங்கிய தாயின் ரசீதை எத்தனை முறை சரிபார்த்தாலும் அந்தத் திருட்டு பிடிபடாது. குழந்தை இருக்கிறதா என்று நுழைவிலேயே பார்த்திருக்க வேண்டும்.

தனியார் நிறுவனம் மாறும்போது என்ன ஆகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். ஆர்கன்சா 2024-இல் புதிதாக ஒரு நிறுவனத்தை அமர்த்தி, சில மாதங்களிலேயே அந்த ஒப்பந்தத்தை முறித்தது. யூட்டாவும் ஒரு நிர்வாகியை மாற்றி இன்னொருவரை அமர்த்தியது. ஒவ்வொரு மாற்றத்திலும் பெற்றோர் புதிய கணக்கு, புதிய விதி, புதிய காத்திருப்பு என்று தொடங்குகிறார்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் நிறுவனம் மாநில விதி என்கிறது, மாநிலம் நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறது. அரசுப் பள்ளியில் குறை இருந்தால் பெற்றோர் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியம் ஒன்று உண்டு. இந்தத் திட்டங்களில் அப்படி ஓர் அமைப்பு இல்லை.

இந்தத் திட்டங்களை ஆதரிப்போர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஜிஐ பில் என்ற முன்னாள் படைவீரர் கல்வி உதவிச் சட்டம். அரசு பணம் தந்தது, வீரர்கள் தாங்கள் விரும்பிய கல்லூரியில் படித்தார்கள், பள்ளிக்கும் அதுவே போதும் என்பது வாதம். அந்தச் சட்டத்தின் வரலாறு இந்த வாதத்துக்கு எதிராகவே பேசுகிறது. 1944-இன் முதல் சட்டத்தில் ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணம் நேரே கல்வி நிறுவனத்துக்குப் போனது, வாழ்க்கைச் செலவு வீரருக்கு. அரசே கட்டுவதால் கட்டணத்தைக் கூட்டிய நிறுவனங்களும், பெயருக்குப் பயிற்சி நடத்திய லாப நோக்குப் பள்ளிகளும் முளைத்தன. கொரியப் போர் வீரர்களுக்காக 1952-இல் நாடாளுமன்றம் வழியையே மாற்றி, தனி ஆளான வீரருக்கு மாதம் 110 டாலர் என்று மொத்தத்தையும் வீரர் கையில் தந்து அதிலிருந்தே கட்டணம் கட்டச் சொன்னது. 2008-இன் சட்டம் மீண்டும் பிரித்தது: கட்டணம் கல்லூரிக்கு நேரே, வீட்டு வாடகைப்படி மாதந்தோறும் மாணவருக்கு, புத்தகப் பணம் தனியே மாணவருக்கு. மூன்று தலைமுறைகளாக அமெரிக்க நாடாளுமன்றம் பணம் போகும் வழியைக் கொள்கையாக நடத்தியிருக்கிறது. அதை எழுத்தர் வேலை என்று யாரும் சொல்லவில்லை. வீரர் தன் பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டிவிட்டு ரசீதோடு காத்திருக்கட்டும் என்றும் சொல்லவில்லை.

ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் உணவு உதவி அட்டை நன்றாக நடக்கிறதே, கல்விக்கும் அட்டை போதாதா என்ற கேள்வியும் எழுகிறது. அந்த அட்டையில் மாதந்தோறும் பணம் முன்னதாகவே ஏறுகிறது. எந்தக் கடை ஏற்கலாம் என்று மத்திய வேளாண் துறை அனுமதி தருகிறது. மதுவும் சிகரெட்டும் கடை கல்லாவிலேயே நின்றுவிடுகின்றன. வாங்கிவிட்டு ரசீது காட்டு என்று பசித்தவரிடம் யாரும் கேட்பதில்லை. கல்வி அட்டையை அதோடு ஒப்பிடுவோர் அதன் இந்த ஒழுங்கையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். அரிசி, பால் போலக் கல்விச் செலவைப் பட்டியலிட முடியாது என்பது உண்மை. அதனால்தான் பட்டியலுக்குள் வருபவற்றை முன்கூட்டியே பணம் தந்து வாங்கச் செய்வதும், வராதவற்றுக்கு மட்டும் ஆள் வைத்து விரைவாக முடிவு சொல்வதும் தேவைப்படுகின்றன.

முழுத் தொகையையும் முன்னதாகவே பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்பதும் அப்படியே ஏற்கத்தக்கது அல்ல. அயோவா 2023-இல் கல்விச் சேமிப்புக் கணக்குகளைத் தொடங்கியபின் தனியார் பள்ளிக் கட்டணங்கள் உயர்ந்ததை ஜேசன் ஃபொன்டானா, ஜெனிஃபர் ஜென்னிங்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அண்டை மாநிலத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். எல்லா மாணவர்களுக்கும் உடனே கணக்குத் திறந்த வகுப்புகளில் உயர்வு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். எவ்வளவு பணம், எந்த நாளில் வரும் என்று பள்ளிக்கு உறுதியாகத் தெரிந்தால் விலையை அதற்கேற்ப வைப்பது எளிது. 1944-இல் நடந்ததும் இதுவே. ஆகவே நேரடியாகச் செலுத்துவதோடு, உதவி பெறும் பிள்ளைக்கும் பெறாத பிள்ளைக்கும் ஒரே கட்டணம், அந்தக் கட்டணம் முந்தைய ஆண்டே வெளியிடப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர வேண்டும்.

ஒரு மாநிலம் இந்தத் திட்டத்தை நடத்தியே தீருவது என்று முடிவு செய்தால், சட்டத்திலேயே எழுதப்பட வேண்டியவை இருக்கின்றன. பள்ளிக் கட்டணம் பள்ளி கேட்கும் நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும். பெற்றோர் தங்கள் பணத்தைச் செலவழித்துத் திரும்பப் பெறும் முறை கூடுதல் வசதியாக இருக்கலாமே தவிர, எந்தத் தேவைக்கும் அதுவே ஒரே வழியாக இருக்கக் கூடாது. கோரிக்கைக்கு இத்தனை நாளில் பதில் என்ற கெடு வேண்டும், கெடு தாண்டினால் வட்டியை அரசு தர வேண்டும். பிள்ளை நடுவில் விலகினால் மீதியைத் திருப்பித் தர வேண்டியது பணத்தை வாங்கிய பள்ளி, அதைத் தொட்டும் பார்க்காத பெற்றோர் அல்லர். குழந்தை உண்மையில் இருக்கிறதா என்பதைக் கணக்குத் திறக்கும்போதே பிறப்புப் பதிவோடு அரசு ஒப்பிட வேண்டும். மறுப்புக்கு மேல்முறையீடு கேட்கும் அதிகாரி அரசு ஊழியராக இருக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனத்துக்குத் தரும் தொகையும், அது எத்தனை கோரிக்கைகளை எத்தனை நாளில் முடித்தது என்பதும் பொதுவில் வெளிவர வேண்டும். இவற்றில் ஒன்றுகூட ஏற்க முடியாத நிபந்தனை அல்ல. இவை இல்லாமல் நிறைவேறும் சட்டம், யாருக்குக் கையில் பணம் இருக்கிறதோ அவருக்கான சட்டம்.

டெக்சாஸ் 100 கோடி டாலர் ஒதுக்கி 2025 மே மாதம் சட்டம் இயற்றியிருக்கிறது, 2026-27 கல்வியாண்டு அதன் முதல் ஆண்டு. கூட்டாட்சி அரசு 2025 ஜூலையில் நிறைவேற்றிய வரிச் சட்டத்தின்படி, 2027 ஜனவரி 1 முதல் வரி செலுத்தும் எந்தத் தனிநபரும் உதவித்தொகை அமைப்புகளுக்குத் தரும் நன்கொடையில் 1,700 டாலர் வரை தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். அதில் சேருவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு மாநிலத்தின் முடிவு. சேரும் மாநிலங்களில், அந்தப் பணம் எந்த அமைப்பின் வழியாக, எந்த நாளில், யாருடைய கணக்குக்குப் போகும் என்று கையெழுத்திடும் முன்னரே ஆளுநரிடம் மக்கள் கேட்க வேண்டும்.